டிரம்பெட் இல்லாத கீர்த்தனை

டாலஸ் பக்கம் தொண்ணூறுகளில் வந்து குடியேறிய தமிழர்களில் சுவிசேஷமுத்துவைத் தெரியாதவர்கள் குறைவு. நெட்டையான, ஒல்லியான ஆள். இர்விங்கில் தபால் பிரிக்கும் வேலை பார்த்தார். அந்த வேலைக்கும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில்தான் போவார். சனிக்கிழமை மதியமானால் அதே மாதிரிச் சட்டையோடு சர்ச் ஹாலில் பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் நின்று கையை வீசிக்கொண்டிருப்பார். யாராவது அரை மாத்திரை பிந்தினால் கை அப்படியே காற்றில் நின்றுவிடும். பிறகு அந்த ஆளுடைய பேரைச் சொல்லமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குத் திட்டு வாங்குவதே மேல் என்பார்கள்.

நாசரேத்தில் பிறந்து, பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் கற்றுக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸுக்கு வந்தவர். அப்போது மவுண்ட் ரோடு ஹோட்டல்களில் சாயங்கால நடனம் உண்டு. அதற்கு வாசிக்க ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும் நிறைந்த பேண்டுகள் இருந்தன. யுத்த காலத்து அமெரிக்காவில் பெரிய பெரிய பேண்டுகள் வாசித்த நடன இசைதான் அவர்களுக்குச் சோறு. இசைத்தட்டுதான் கையில் இருக்கும், எழுதிய நோட்ஸ் கிடைக்காது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எங்கே சாக்ஸபோன்கள் சேர்ந்து வரவேண்டும், எங்கே டிரம்பெட் தனியாக எழும்ப வேண்டும், எங்கே எல்லாரும் சும்மா இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அவரை அரேஞ்சர் என்பார்கள். கிளாரினெட் வாசிக்க வந்த சுவிசேஷமுத்து இரண்டே வருடத்தில் அந்த வேலைக்கு மாறினார். இருபத்தாறு வயதில் சொந்தமாக ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைவர். வெள்ளைக் கோட்டு, கறுப்பு போ டை, முன்வரிசையில் ஆடும் ஜோடிகள்.

எழுபதுகளில் ஹோட்டல்களுக்கு நான்கு பேர் கித்தாரோடு வந்தால் போதும் என்றாகிவிட்டது. அவருடைய மனைவி ஜெயசெல்வி நர்ஸ். அவளுக்கு டாலஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தபோது அவரும் கிளம்பி வந்தார். தபால் வேலை கிடைத்தது, மகள் ஆன்லின் பிறந்தாள், வீடு வாங்கினார்கள். அந்த வருடங்களில் அவர் எதையும் எழுதவில்லை. அதில் பெரிய சோகம் இருந்ததாகவும் அவர் சொன்னதில்லை. ஆள் கிடைக்கவில்லை, எழுதவில்லை.

ஆள் கிடைக்க ஆரம்பித்தது 1992 வாக்கில். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பையன்களில் சிலர் ஊரில் பள்ளிக்கூட பேண்டிலும் காலேஜ் லைட் மியூசிக்கிலும் வாசித்தவர்கள். ஒருவன் டிரம்ஸ், ஒருவன் டிராம்போன். கோயம்புத்தூர் நஞ்சுண்டன் டெனர் சாக்ஸபோன். நஞ்சுண்டன் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை, ஆனால் சாக்ஸபோனோடு சேர்ந்து வாசிக்க வேறு இடமும் இல்லை. சுவிசேஷமுத்து பழைய கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எடுத்து, மவுண்ட் ரோடு நாள்களில் கற்ற விதத்தில் பிரித்து எழுதினார். கிறிஸ்துமஸுக்கு ஒரு கச்சேரி என்று தொடங்கியது. சில வருடங்களில் தமிழ்ச் சங்கம் பொங்கலுக்குக் கூப்பிட்டது, பிறகு தூரத்து ஊர்களான கேட்டியிலிருந்தும் ஆஸ்டினிலிருந்தும் கூப்பிட்டார்கள்.

ஒரே குறை, நல்ல டிரம்பெட் ஆள் இல்லை. 1999இல் அந்தக் குறையும் தீர்ந்தது. பெரம்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஃபிரெடி என்ற பையன் டெலிகாம் கம்பெனி ஒன்றில் வேலைக்கு வந்து பக்கத்து ஊரான காப்பெல்லில் அப்பார்ட்மெண்ட் எடுத்திருந்தான். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மனைவி ஜோவானாவுக்கு வேலை பார்க்க விசா கிடையாது, ரிகர்சலுக்குக் கூடவே வந்து பின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஃபிரெடி முதல் நாள் வாசித்ததைக் கேட்டுவிட்டு சுவிசேஷமுத்து வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜெயசெல்வியிடம் சொன்னார்:

"அந்தப் பயலுக்கு மேல் சுருதி வலிக்காம வருதுட்டி. எனக்கு இனிமே எழுத வேலை இருக்கு."

அடுத்த வருட கிறிஸ்துமஸுக்காக ஒரு மெதுவான கீர்த்தனையை எடுத்தார். நடுவில் எல்லாரும் அடங்கிவிட, டிரம்பெட் மட்டும் மேலே மேலே ஏறிப் போகும். அந்த சோலோவை ஃபிரெடிக்கென்றே எழுதினார். வேறு யாராலும் அதை வாசிக்க முடியாது.

2000 டிசம்பர். கச்சேரிக்கு முந்தைய சனிக்கிழமை, கடைசி ரிகர்சல். காலையிலிருந்து தூறிய மழை தரையில் விழுந்ததும் பனிக்கட்டியாக உறைந்தது. டெக்சாஸில் பனிக்கு யாரும் பழக்கப்பட்டவர்களில்லை. சாலையில் உப்புப் போடும் வண்டிகளும் கொஞ்சம்தான். ஜெயசெல்வி வாசலில் மறித்தாள்.

"இந்தக் குளிர்ல எங்க கெளம்புதிய? ஃப்ரீவேல கார் எல்லாம் சறுக்குதாம்."

"நான் ஃப்ரீவே ஏறப் போறதில்ல. உள்ரோட்டுலயே மெதுவாப் போயிருதேன்."

ஹாலுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். நாற்காலிகளைப் போட்டார், ஸ்டாண்டுகளை நிறுத்தினார், அவரவர் வாசிக்கவேண்டிய பார்ட்டை அவரவர் ஸ்டாண்டில் வைத்தார். ஆபீஸ் அறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. டிராம்போன் வரவில்லை. டிரம்ஸ் வரவில்லை. நஞ்சுண்டன், "கார் கதவே உறைஞ்சு போச்சு அங்கிள், சாவி உள்ளயே போகமாட்டேங்குது" என்றான். ஒவ்வொருவரிடமும் "சரிப்பா" என்று சொல்லி வைத்தார். உள்ளே கோபம் ஏறிக்கொண்டே போனது. ஒரு வாரத்தில் கச்சேரி. பள்ளிக்கூட ஆடிட்டோரியம் பேசியாயிற்று. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றபோது மறுபடி போன் வந்தது.

"அங்கிள், ஃபிரெடி பேசறேன். டிவில ரோடெல்லாம் ஐஸ்னு சொல்லிட்டே இருக்கான். ரிகர்சல் இருக்கா?"

"இல்லாம? எல்லாரும் வந்தாச்சு. நஞ்சுண்டன்கூட வந்துட்டான். உனக்காகத்தான் உக்காந்திருக்கோம்."

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. ஃபிரெடி ஒருத்தன் வந்தால் அந்த சோலோவையாவது உட்கார்ந்து சரிசெய்யலாம், காப்பெல்லிலிருந்து ஃபிரெடி வந்தானே என்று மற்றவர்களிடம் பிறகு கேட்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

"எல்லாருமா? ஜோவானா வேற போகவேணாங்கறா அங்கிள்..."

"அப்போ வீட்ல இரு தம்பி. சோலோவை வேற யாருக்காவது மாத்திக்கறேன்."

"ஐயோ, வேணாம் அங்கிள். வரேன். ஸ்லோவா டிரைவ் பண்ணிட்டு வரேன்."

ஃபிரெடி வரவில்லை. ஃப்ரீவேயில் ஒரு மேம்பாலத்தின் மேல் அவனுடைய கார் சறுக்கிப் பக்கச் சுவரில் மோதியது. பழைய கார், ஏர்பேக் கிடையாது. முகம் ஸ்டியரிங்கில் அடித்தது. ஜோவானா ஹாலுக்குப் போன் செய்தபோது அவள் பேசியதில் பாதி புரியவில்லை. ஆஸ்பத்திரிப் பேர் மட்டும் புரிந்தது.

அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஃபிரெடியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பக்கத்து அப்பார்ட்மெண்ட்காரர் தன் டிரக்கில் ஜோவானாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேல் உதடு கிழிந்திருக்கிறது. முன்பற்கள் போய்விட்டன. தாடையில் விரிசல்.

"எதுக்கு அங்கிள் அவன் இந்த ஐஸ்ல கிளம்பினான்? வேணாம் வேணாம்னு சொன்னேன். ரிகர்சல்னா பைத்தியம் மாதிரி ஓடறான்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். காத்திருப்பு அறையில் டிவியில் சறுக்கும் கார்களையே காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வந்தாச்சு என்று சொன்ன தன் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. உதடு, பல். டிரம்பெட்காரனுக்கு அதுதானே எல்லாம். தான் சொன்ன பொய் அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் அப்படி இருந்தது. பிறகு வேறொன்று நடந்தது.

ஒரு வாரத்தில் கச்சேரி என்ற நினைப்பு வந்தது. சோலோவை யார் வாசிப்பது என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்தது. வேண்டாம் என்று தள்ளினார். அது போகவில்லை. டிரம்பெட் இல்லையென்றால் சாக்ஸபோன். நஞ்சுண்டனால் அந்த உயரத்துக்குப் போகமுடியாது. போகவேண்டாமே. கீழே இறங்கினால் என்ன? மேலே ஏறுகிற இடத்தில் டெனர் சாக்ஸ் கீழே கீழே இறங்கட்டும், அழுது ஓய்ந்த மனுஷன் மாதிரி. டிராம்போன் அடியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். டிரம்ஸ் வேண்டாம். கிளாரினெட் கடைசி அடியில் மட்டும். பாட்டு முழுதாக, தொடக்கத்திலிருந்து கடைசிவரை, யாரோ பக்கத்தில் நின்று வாசிப்பதுபோல அவருக்குக் கேட்டது. மெட்ராஸில்கூட அவருக்கு ஒரு பாட்டு அப்படி முழுசாக வந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன, விரல்கள் முழங்காலில் அசைந்தன.

ஜோவானா அவர் கையைத் தொட்டாள். கண்ணைத் திறந்தார்.

"நிறுத்தாதீங்க அங்கிள். நீங்க ஜெபம் பண்றதைப் பார்த்தாதான் எனக்குத் தைரியமா இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். மறுபடி கண்ணை மூடினார். இந்தத் தடவை உண்மையாகவே ஜெபிக்கத்தான் நினைத்தார். "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு டிராம்போன் பிடிக்கும் சுருதிதான் வந்தது. ஆபரேஷன் முடிகிறவரை அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அவர் பாட்டை முடித்தார்.

கச்சேரி நடந்தது. தள்ளிவைக்கலாமா என்று நஞ்சுண்டன் கேட்டான், ஃபிரெடியேதான் வேண்டாம் என்றான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பேச முடியாமல் பேப்பரில் எழுதிக் காட்டினான். ஜோவானாவையும் போகச் சொன்னான். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கீர்த்தனை தொடங்கி நஞ்சுண்டன் சோலோவுக்கு எழுந்தபோது ஆடிட்டோரியத்தில் இருமல்கூட இல்லை. சாக்ஸபோன் இறங்கி இறங்கிப் போய் அடியில் நின்றது. கிளாரினெட் வந்தது, முடிந்தது.  முதலில் எழுந்தது ஜோவானாதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு எல்லாரும் எழுந்தார்கள். சுவிசேஷமுத்து திரும்பிக் குனிந்து வணங்கினார். மவுண்ட் ரோடு நாள்களில் குனிந்த அதே மாதிரி, கை நெஞ்சில். அந்த நேரத்தில் ஃபிரெடி என்று ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்பதே அவருக்கு ஞாபகமில்லை.

காரில் திரும்பும்போது ஜெயசெல்வி கேட்டாள்.

"எல்லார் பேரையும் மைக்ல சொன்னிய. ஃபிரெடி பேரை ஒரு தடவை சொல்லலியே?"

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பாட்டு டிரம்பெட்டோடு இருந்ததைவிட நன்றாக இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அரேஞ்சர் காதுக்கு அது தெரியாமல் போகாது. அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. சுமாராக வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு காப்பெல்லுக்கு அவர் போகாத வாரமில்லை. ஃபிரெடியைப் பல் டாக்டரிடமும் தாடை டாக்டரிடமும் கூட்டிப்போனார். ஜோவானாவுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்து லைசன்ஸ் டெஸ்டுக்குக் கூட்டிப்போனார். ஜெயசெல்வியிடம் சூப் வைத்து வாங்கிப்போவார். ஃபிரெடி உறிஞ்சிக் குடிப்பதைப் பார்க்கமாட்டார், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். திரும்பிப் போகும்போது ஜோவானா அவருக்குச் சாப்பாடு போடாமல் விடமாட்டாள்.

"எங்க அப்பாகூட இவ்ளோ செஞ்சிருக்க மாட்டார் அங்கிள். அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டே இருப்பேன். ஆபரேஷன் முடியற வரைக்கும் கண்ணைத் திறக்காம எனக்காக ஜெபம் பண்ணாருன்னு."

 வாயிலிருக்கும் சோற்றைத் தண்ணீர் குடித்து இறக்குவார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் போனார். சொன்னால் இந்த வீட்டுக்கு வரமுடியாது, வராவிட்டால் இவர்களுக்கு யார் உதவுவார்கள் என்று ஒரு நியாயம் வழியிலேயே தயாராகிவிடும்.

மார்ச் மாதம் புதுப் பல் கட்டி முடித்ததும் ஃபிரெடி டிரம்பெட்டை எடுத்தான். சுவிசேஷமுத்து எதிரில் இருந்தார். உதட்டில் தையல் போட்ட இடத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை, ஓரத்தில் காற்று ஒழுகியது. நடு சுருதிக்கு மேல் போனால் உடைந்தது. ஃபிரெடி சிரித்தான்.

"பிராக்டிஸ் பண்ணா வந்துரும் அங்கிள்."

வராது என்று அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய், நடு சுருதியைத் தாண்டாத ஒரு டிரம்பெட் பார்ட்டை எழுதினார். எங்கேயும் அதிக நேரம் பிடித்து ஊதவேண்டியதில்லை, மூச்சு வாங்க இடைவெளி, ஆனாலும் கேட்பதற்கு முக்கியமான பார்ட் மாதிரி இருக்கும். ரிகர்சலில் ஃபிரெடி அதை ஒரு முறை முழுதாக வாசித்தான். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்தான்.

"நல்லா இருந்துது தம்பி. இன்னொரு தடவை போலாம்," என்றார் அவர்.

"நல்லாதான் எழுதியிருக்கீங்க அங்கிள். எனக்காகப் பாத்துப் பாத்து எழுதினதுன்னு கேக்கற எல்லாருக்கும் தெரியுது. அதான்."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவன் வரவில்லை.

கேட்டி தமிழ்ச் சங்கம் ஏப்ரலில் கச்சேரிக்குக் கூப்பிட்டது. கிறிஸ்துமஸ் வீடியோவைப் பார்த்தவர்கள், அந்தக் கீர்த்தனை கட்டாயம் வேண்டும் என்றார்கள். முடியாது என்று சொல்லத்தான் போனை எடுத்தார். "வந்துடறோம்" என்று சொல்லி வைத்தார். அங்கேயும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். திரும்பி வரும் நீண்ட வழியில் அவர் ஒரு காஸ் ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நெஞ்சு வலிக்கா?" என்று ஜெயசெல்வி கைநாடியைப் பிடித்தாள்.

அப்போதுதான் சொன்னார். போனில் சொன்ன பொய்யைச் சொன்னார். காத்திருப்பு அறையில் நடந்ததையும் சொன்னார். ஜெயசெல்வி கையை விடாமல் கேட்டாள். முப்பது வருடம் நோயாளிகளைக் கேட்ட காது, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"போன்ல சொன்னது ஒரு நிமிசக் கோவம். அதை விடுங்க. மனசுல பாட்டு வந்ததும் நீங்க கூப்பிட்டு வரல. ஆனா இத்தனை மாசமா அந்தப் பிள்ளை கையால வாங்கிச் சாப்பிடுதியளே, அது எப்படி முடியுது உங்களுக்கு?"

"சொன்னா என்ன நெனப்பா?"

"என்னமும் நெனச்சிட்டுப் போவட்டும். அவ நெனக்க வேண்டியத நீங்க ஏன் பிடிச்சு வச்சிருக்கிய?"

அதற்குப் பிறகும் அவர் போய்ச் சொல்லவில்லை. மே போயிற்று, ஜூன் போயிற்று. ஜூலையில் டெலிகாம் கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக அனுப்ப ஆரம்பித்தன. ஃபிரெடிக்கும் வேலை போனது. வேறு வேலை கிடைக்கவில்லை, விசா நிற்காது. ஆகஸ்ட் மாதம் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது சுவிசேஷமுத்து காப்பெல்லுக்குப் போனார். மதிய நேரம். சோபாவை யாரோ வாங்கிப்போயிருந்தார்கள், ஜோவானா தரையில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஃபிரெடி சமையலறையில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தான். அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"ஜோவானா, ஒரு விஷயம் சொல்லணும்மா. அன்னிக்கு இவன் தானா கிளம்பல. ரிகர்சல் இருக்கான்னு கேக்கத்தான் போன் பண்ணான். எல்லாரும் வந்தாச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன். ஒருத்தரும் வரல. நான் மட்டும்தான் இருந்தேன். வராட்டி சோலோவை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னும் சொன்னேன்."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு கை நின்றது. சமையலறை வாசலில் ஃபிரெடி வந்து நின்றான்.

"அதை விடுங்க அங்கிள். எனக்குத் தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"நஞ்சுண்டன் என்னைப் பாக்க வந்தப்பவே சொன்னான், அன்னிக்கு வீட்டை விட்டே கிளம்பலைன்னு. நான் கணக்குப் போட்டுப் பாத்துக்கிட்டேன்."

"அப்புறம் ஏன்டா என்கிட்ட கேக்கல?"

 "கேட்டிருந்தா நீங்க வர்றதை நிறுத்தியிருப்பீங்க. அப்போ எனக்கு டிரைவ் பண்ண முடியாது, இவளுக்கு லைசன்ஸ் இல்ல. அப்புறம் கேக்கவே தோணல."

ஜோவானா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"இன்னும் இருக்கும்மா," என்றார் சுவிசேஷமுத்து. இதைச் சொல்லாமலே போயிருக்கலாம். ஃபிரெடிக்கும் இது தெரியாது. ஆனால் தொடங்கிவிட்டார், நிறுத்தமுடியவில்லை. "ஆஸ்பத்திரில நான் ஜெபம் பண்ணல. நீ அப்படி நெனச்சே. நான் அந்தப் பாட்டை மாத்திட்டிருந்தேன். இவன் வாசிக்கவேண்டியதை சாக்ஸுக்கு எப்படிப் போடலாம்னு."

 ஜோவானா சட்டையைப் பெட்டியில் வைத்தாள்.

"ஆடிட்டோரியத்துல நான் எழுந்து நின்னேன் அங்கிள். அழுதுட்டு. எல்லாருக்கும் முன்னாடி."

"மன்னிச்சுடும்மா."

"இத்தனை மாசம் சொல்லல. இப்ப நாங்க மூட்டை கட்டிட்டிருக்கோம், இப்ப வந்து சொல்றீங்க. எதுக்கு? உங்களுக்கு லேசாகணும்னா?"

 அப்படித்தான் வந்திருந்தார் என்பது அவள் கேட்ட பிறகே அவருக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு லேசாயிடுச்சு இல்ல? நான் இதை பிளேன்ல தூக்கிட்டுப் போகணும்." அவள் எழுந்தாள். "ஏர்போர்ட்டுக்கு நீங்க வரவேணாம். நஞ்சுண்டனை வரச் சொல்லிக்கறோம்." படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஃபிரெடி அவரைக் கார்வரைக்கும் கொண்டுவந்து விட்டான். வெயில் கொதித்தது. கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன், ஒரு கேள்வி கேட்டான்.

"அங்கயே முழுசா வந்துடுச்சா அங்கிள், அந்தப் பாட்டு?"

"முழுசா."

ஃபிரெடி தலையை ஆட்டினான். கோபமா என்று தெரியவில்லை. வாத்தியக்காரனுக்கு வாத்தியக்காரன் கேட்கிற மாதிரித்தான் கேட்டான். "போய்ட்டு வாங்க," என்று கதவைச் சாத்தினான்.

அவர்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த நஞ்சுண்டனுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்துவிட்டது. அடுத்த ரிகர்சலுக்கு எல்லாருக்கும் முன்னாலேயே வந்தான்.

"போன்ல என் பேரையா சொன்னீங்க?"

"ஆமா."

"நான் வந்துட்டேன்னு நம்பித்தான் அவன் கிளம்பியிருக்கான். அப்புறம் அவன் பாட்டை நானே வாசிச்சிருக்கேன். ஊர் ஊரா." சாக்ஸபோன் பெட்டியைத் திறக்காமலே நின்றான். "அதை இனிமே வாசிக்கமாட்டேன் அங்கிள். யார் கேட்டாலும்."

"சரி."

"வேற எல்லாம் வாசிக்கறேன்."

"சரிப்பா."

சுவிசேஷமுத்து தலைவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னார். சர்ச் கமிட்டியில் ஒருவருக்கும் காரணம் புரியவில்லை. எல்லாரையும் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று அவருக்கு வந்தது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றால் போதும், எல்லாரும் கேட்பார்கள், சிலர் அழுவார்கள், முடிந்ததும் பாஸ்டர் வந்து கட்டிப்பிடிப்பார். அது எப்படிப் போய் முடியும் என்பது தெளிவாகத் தெரிந்ததால்தான் எழுந்திருக்கவில்லை. "உடம்பு ஒத்துழைக்கல" என்று மட்டும் கமிட்டியிடம் சொன்னார். நஞ்சுண்டன்தான் விடவில்லை.

"நீங்க போயிட்டா நாங்க பதினாலு பேரும் வீட்ல உக்காரணும். உங்க மனசுக்காக இன்னும் எத்தனை பேர் வாசிக்காம இருக்கணும்?"

அதனால் நின்றார். ஆனால் புதிதாக எதுவும் எழுதவில்லை, பழைய பாட்டுகளையே எடுத்தார். யாராவது பிந்தினால் கையை நிறுத்திப் பார்க்கும் வழக்கம் போயிற்று. பிந்தியவர்களோடு சேர்ந்துகொண்டு போய்விடுவார். "அங்கிள் சாஃப்டாயிட்டார்" என்று புதியவர்கள் பேசிக்கொண்டார்கள். இசை கொஞ்சம் தளர்ந்ததை நஞ்சுண்டன் கவனித்தான், சொல்லவில்லை.

நவம்பரில் ஃபிரெடியிடமிருந்து நஞ்சுண்டனுக்கு ஈமெயில் வந்தது. ரிகர்சல் இடைவேளையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த சுவிசேஷமுத்துவிடம் அவன் சொன்னான்.

"ஃபிரெடிக்குத் தரமணில வேலை கிடைச்சிருக்கு அங்கிள். ஜோவானா ஒரு ஸ்கூல்ல சேர்ந்திருக்கா. உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கான்."

"ஃபிரெடியா?"

"ஃபிரெடிதான்."

"அவ?"

நஞ்சுண்டன் பொய் சொல்லியிருக்கலாம். "அவ ஒண்ணும் கேக்கல அங்கிள்," என்றான்.

சுவிசேஷமுத்து காபியை முழுதாகக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே எல்லாரும் வாத்தியங்களை எடுத்துச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க," என்று சொல்லி அவனுக்கு முன்னால் ஹாலுக்குள் போனார்.